மருந்து மிஷினுக்கு மாட்டுப் பொங்கல்

"டீச்சர் அவர்களுக்கு வணக்கம். ஊரில் மேல்நிலைத் தொட்டிக்குப் புது ஆழ்துளைப் போர் போட இடம் பார்த்திருக்கிறார்கள். வாய்க்கால் கரையில் பூவரசு விழுந்த இடம். அந்தக் காலத்து மருந்துக் குழி அங்கேதான் இருந்தது என்கிறார் ஒருவர். இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே என்கிறார் இன்னொருவர். கேட்பதற்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, மாமாவும் இல்லை. நீங்கள் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைப்பவர். குழி எங்கே இருந்தது?"

இந்தத் தொடரைப் படித்துவிட்டு செல்வமணி எழுதிய கடிதம் இது. நர்ஸ் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, இப்போது ஊரில் வார்டு உறுப்பினராக இருக்கிறார். கடிதத்தின் வலது மூலையில் தேதியும் கிழமையும் இருக்கின்றன. என்னிடம் படித்தவர் என்பது அதிலேயே தெரியும்.

படித்து முடித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது குழி அல்ல. பித்தளை டேங்க் ஒன்றின் மேல் பளிச்சென்று இருந்த குங்குமப் பொட்டு.

களத்தில் ஒரு வரிசை

மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை போகிற சாலையில் பாதி தூரம் போய், கிழக்கே திரும்பி, வாய்க்கால் கரையோடு நடந்தால் அந்த ஊர். பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓராசிரியர் பள்ளி ஒன்றில் நான்தான் அந்த ஒருத்தி. பள்ளியின் பின்கட்டு அறையிலேயே என் குடித்தனமும்.

மாட்டுப் பொங்கல் பிற்பகல். ஊரின் பெரிய மிராசுதார் சபாபதி, வருஷா வருஷம் சொல்லி அனுப்புவதுபோல அன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். போனேன்.

களத்தில் சாணம் மெழுகிக் கோலம் போட்டிருந்தது. ஏர், நுகத்தடி, மண்வெட்டி, அரிவாள் எல்லாம் கழுவி வரிசையாகச் சாத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வரிசையின் கடைசியில், முதுகில் மாட்டிக்கொண்டு பூச்சி மருந்து அடிக்கிற மிஷின்கள். பித்தளை டேங்குகள் புளி போட்டு விளக்கியதில் கோயில் குடம்போல மின்னின. அவற்றுக்கும் பொட்டு. குழாயில் ஆவாரம்பூ மாலை.

"வாங்க டீச்சர். இந்த வருஷம் நம்ம கொட்டில்ல புது மாடு சேந்திருக்கு பாத்தீங்களா?" என்று மிஷின்களைக் காட்டினார் சபாபதி. "தீனி கேக்காது. சாணி போடாது. சங்கத்துலயும் சேராது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசி வாக்கியத்துக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் நிலம் வைத்திருந்த வடக்குத் தெருக்காரர்கள்.

"சாணிதான் போடாது ஐயா. மூத்திரம் பேயும்" என்றான் சின்னையன். "ரப்பர் வாசர் தேஞ்சு போச்சு. முதுகெல்லாம் ஒழுகுது. டீச்சர் மன்னிச்சுக்கணும்."

சின்னையன், கூலி ஆட்கள் குடியிருந்த தெற்குத் தெருக்காரன். ஊரில் மருந்தடிக்கத் தெரிந்த ஒரே ஆள். தகர மூடியால் மருந்தை அளந்து, கையாலேயே கலக்குவான். "என் மேல கொசு ஒக்காராது டீச்சர்" என்று பெருமையாகச் சொல்வான். அருகில் வந்தால் மண்ணெண்ணெயும் அழுகின பழமும் கலந்ததுபோல ஒரு வாடை முன்னால் வரும்.

"நீயா இப்படி வெளக்கினே?" என்று கேட்டேன்.

"பின்ன? காலையில மேலக்குளத்துல எறக்கி, வைக்கோல் போட்டுத் தேச்சேன். பழைய தகரத்தையெல்லாம் அலசிக் கவுத்துட்டேன். மாட்டுக்கு என்ன செஞ்சமோ அதுக்கும் அதேதான். அதுவும் நமக்குச் சோறு போடுதுல்ல?"

எனக்கு அது பிடித்திருந்தது. ஆயிரம் வருஷத்து ஏருக்குப் பக்கத்தில் நேற்று வந்த மிஷினையும் நிறுத்தி, பொட்டு வைத்து உறவு சொல்லிக்கொள்கிறார்களே என்று அறைக்கு வந்து டைரியில் எழுதினேன்.

தேதி பற்றி ஒரு தடங்கல்

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிழமையையும் நட்சத்திரத்தையும் விடாமல் எழுதுகிற எனக்கு, இது எந்த ஆண்டு என்று உறுதியாகத் தெரியவில்லை.

என் அப்பா கடை நடத்தியவர். விற்காமல் தங்கிப்போன பழைய வருஷத்து டைரிகளை எனக்குக் கொடுத்துவிடுவார். நானும் அச்சடித்த கிழமையை அடித்துவிட்டுச் சரியான கிழமையை எழுதிக்கொள்வேன். ஆண்டை மட்டும் அடிக்க மறந்திருக்கிறேன். ஆகவே தை இரண்டு என்பது உறுதி. ஆட்சி மாறி, சுவரெல்லாம் உதயசூரியன் வந்து, சில பொங்கல்கள் கழிந்திருந்தன என்பதும் உறுதி. அதற்கு மேல் எழுதினால் பொய்யாகும்.

கடைமடைத் தண்ணீர்

காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை அந்த ஊர். ஆழ்துளைக் குழாய் வராத அந்த நாளில், எங்கே தோண்டினாலும் உப்பு. கடல் தூரத்தில் இருந்தாலும் மண்ணுக்கு அடியில் பக்கத்திலேயே இருந்தது. குடிக்கக் குளத்துத் தண்ணீர்தான்.

வடக்குத் தெருவுக்குக் குடிக்கக் கோயில் குளம் தனியாக உண்டு. மாடு கழுவ, கருவி கழுவ மேலக்குளம். மேலக்குளம் நிரம்பி வழிந்தால் ஒரு சின்ன மதகு வழியாகக் கீழே இறங்கி, வாய்க்காலோடு போய்க் கீழக்குளத்தை நிரப்பும். கீழக்குளம் தெற்குத் தெருவின் குடிதண்ணீர்.

தை மாதத்தோடு மேட்டூர்த் தண்ணீர் நின்றுவிடும். கோடை முழுக்கத் தாங்குகிற அளவுக்கு அதற்குள் குளத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால் பொங்கல் நாட்களில் அந்த மதகு திறந்தே கிடக்கும்.

மாடு குளித்த தண்ணீரை அடுத்த தெரு குடிப்பதா என்று இன்றைய வாசகர்கள் கேட்கலாம். குடித்தார்கள். கேட்டால், "வழிவழியா இப்படித்தான்" என்பார்கள் வடக்கே. தெற்கே ஒன்றும் சொல்லமாட்டார்கள். பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டால் சேறு அடியில் படிந்து தண்ணீர் கண்ணாடிபோல ஆகிவிடும். கலங்கி வந்த தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை இருந்தது. தெளிந்தே வந்த விஷத்துக்கு ஒன்றும் இல்லை.

நானும் கீழக்குளத்துத் தண்ணீர்தான் குடித்தேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள் சின்னையனின் மனைவி அஞ்சலை. அவள் கையால் தண்ணீர் வாங்குகிறேன் என்பதால் வடக்குத் தெருக் குளத்துக்கு என் குடம் போகக் கூடாது என்று ஆகிவிட்டது. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. அப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

மருந்து வந்த வழி

குறுகிய கால நெல் வந்த ஆண்டுகள் அவை. நெல்லோடு உரம் வந்தது, உரத்தோடு பூச்சி வந்தது, பூச்சியோடு எண்டிரின் என்ற மருந்து வந்தது. ஒன்றியத்து ஜீப்பில் படம் காட்டும் திரையோடு வந்தார்கள். எத்தனை மூடி மருந்துக்கு எவ்வளவு தண்ணீர், காற்று எந்தப் பக்கம் வீசும்போது அடிக்க வேண்டும், எல்லாம் காட்டினார்கள். தகரத்தில் மண்டையோடு போட்டிருப்பதையும் காட்டினார்கள்.

மிஷினை எங்கே கழுவுவது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது? கருவி என்றால் குளத்தில் கழுவுவது. மாட்டுப் பொங்கலன்று எல்லாவற்றையும் கழுவுவது.

மருந்தோடு டிராக்டரும் வந்தது. அதோடு, ஆட்களை இனி எவ்வளவு குறைக்கலாம் என்ற கணக்கும் வந்தது. தெற்குத் தெருவில் சங்கக் கொடி ஏறியிருந்தது. அந்தத் தை மாதம் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுவடைக் கூலியைப் பேசி முடிக்காமல் அரிவாள் எடுப்பதில்லை என்று தெற்குத் தெரு உட்கார்ந்துவிட்டது. லாரியில் வெளியூர் ஆட்கள் வரப்போகிறார்கள் என்று பேச்சு.

சங்கத்துக்குத் தலைவர் தங்கராசு. அஞ்சலையின் அண்ணன். மிராசுதார் வயலில் இறங்குவதில்லை என்று கார்த்திகையிலேயே சங்கம் உட்கார்ந்தபோது, அவர் தடுத்தும் கேட்காமல் அந்த மாதம் முழுக்க மருந்தடித்தவன் சின்னையன், அதே அஞ்சலையின் புருஷன். "கருங்காலி" என்று குழந்தைகள்கூட அவன் முதுகுக்குப் பின்னால் கத்துவார்கள். தங்கராசு மட்டும் அவனை "மாப்ள" என்று கூப்பிடுவதை விடவில்லை.

நெருப்பு என்ற சொல்லை அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் உரக்கச் சொல்லமாட்டார்கள். அடுப்பு பற்ற வைக்கக் கேட்டால்கூடத் தணிந்த குரலில்தான் கேட்பார்கள். ஏன் என்று கீழத்தஞ்சைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஜில்லாவில் ஓர் ஊரில், கூலி கேட்டவர்கள் குடிசையோடு எரிக்கப்பட்டு அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

"தண்ணி குடிச்சிட்டீங்களா?"

மறுநாள் காணும் பொங்கல். விடிந்து வெயில் இன்னும் ஏறவில்லை. நான் காபி குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை ஓடிவந்தாள். இடுப்பில் குடம் இல்லை. நிறைமாதத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த வயிற்றோடு அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

"டீச்சர், தண்ணி குடிச்சிட்டீங்களா?"

"காபி குடிச்சேன். ஏன்?"

அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நானும் கஞ்சி குடிச்சிட்டேன்" என்றாள்.

கீழக்குளத்துக்குப் போனேன். முதலில் தெரிந்தது சத்தம் இல்லாதது. தை மாதத்துக் குளம் எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். அன்று ஒரு தவளைகூட இல்லை. பிறகு மீன்கள். கெண்டை, விரால், விரலளவு குஞ்சுகள், எல்லாம் வெள்ளை வயிற்றை மேலே காட்டிக்கொண்டு. சில இன்னும் உயிரோடு, பைத்தியம் பிடித்ததுபோல வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. ஒரு தண்ணீர்ப்பாம்பு படித்துறையில் கயிறுபோலக் கிடந்தது.

வாடை இலேசாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெயும் அழுகின பழமும்.

எனக்கு நாக்கு மரத்துப்போனது. உண்மையிலேயே மரத்ததா, பயத்தில் அப்படித் தோன்றியதா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. தெருவில் பலர் விரலை விட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு விரல் விடாமலே வந்தது.

தென்னை மரத்தடி

சின்னையனைத் தென்னை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. அவன் எதிரே தங்கராசு நின்றார்.

"எவ்வளவு ஊத்தின? அதை மட்டும் சொல்லு."

"மச்சான், என் பொண்டாட்டி குடிக்கிற கொளம் மச்சான் இது."

"பொண்டாட்டி தெருவுல குந்தியிருக்கறப்ப நீ மிராசு வயல்ல மருந்தடிச்சல்ல? அப்ப தெரியலயா பொண்டாட்டி?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"கூலி கேட்டதுக்கு விஷமாடா?"

"அவனை விடுங்க. அவன் கை, அவ்வளவுதான். தலை அங்க இருக்கு. போரைக் கொளுத்தினாத்தான் அது எந்திரிக்கும்" என்றது கூட்டத்தில் இன்னொரு குரல்.

மிராசுதாரின் வைக்கோல் போரைச் சொன்னார்கள். நெருப்பைப் பற்றி அன்று யாரும் தணிந்து பேசவில்லை. வடக்கே மேலக்குளத்துக் கரையில் தடியோடு ஆட்கள் கூடியிருப்பது மரங்களுக்கு நடுவே தெரிந்தது. இங்கே ஒரு வைக்கோல் போர் பற்றினால் மாலைக்குள் எந்தக் கூரை மிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரியும். தங்கராசுக்கும் தெரியும். அதுவரை அவர் 'மாப்ள' என்று ஒருதரம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அஞ்சலை என் பின்னாலேயே வந்திருந்தாள். "அண்ணே, அவரு செய்யல அண்ணே" என்றாள்.

"நீ வீட்டுக்குப் போ."

"எந்த வீட்டுக்கு அண்ணே? எங்க போய் எந்தத் தண்ணிய மொண்டு குடிக்க?"

களத்தில் மின்னிய பித்தளை எனக்கு நினைவுக்கு வந்தது. வாய்க்காலைப் பார்த்தேன். மதகிலிருந்து தண்ணீர் மெல்லக் கீழக்குளத்துக்குள் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

"மேலக்குளத்தையும் ஒருதரம் பார்த்துட்டு வாங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நேத்து காலையில மிஷினையும் தகரத்தையும் அங்கேதான் கழுவியிருக்கான். பொட்டு வெச்சதை நான் பார்த்தேன். வேணும்னு செஞ்சிருந்தா அங்க மீன் உயிரோட இருக்கும். அங்கேயும் செத்திருந்தா, அவன் இந்தக் குளத்துல ஊத்தல."

சொல்லிவிட்டேனே தவிர, அங்கே மீன் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தால்? என் வாயாலேயே அவனை முடித்துவிட்டதாகும்.

தங்கராசு கட்டை அவிழ்க்கவில்லை. மரத்திலிருந்து மட்டும் விடுவித்து, கைக்கட்டோடு சின்னையனை முன்னால் நடக்கவிட்டார்.

பொட்டு வைத்த கன்று

மேலக்குளம் முழுக்க அல்லி இலை. மேலாகப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை.

கரையில் தடியோடு நின்றவர்கள் எங்களைப் பார்த்ததும் முன்னால் வந்தார்கள். நடுவில் சபாபதி தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி மண்ணில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முன்னால் ஒரு கன்றுக்குட்டி, கால்கள் விறைத்து நீட்டியபடி. கழுத்தில் நெட்டி மாலை. வாயில் நுரை. நெற்றியில் முந்தின நாள் வைத்த குங்குமம் கலையாமல் இருந்தது.

"வாங்கடா" என்றார். "கன்னுக்கு விஷம் வெச்சுட்டுப் பாக்க வந்தீங்களா? கூலி கேட்டீங்க, பேசலாம்னேன். வாயில்லாத சீவன் என்னடா பண்ணுச்சு?"

"எங்க கொளத்துல நீங்க ஊத்துனதுக்கு நாங்க யாரைக் கேக்கறது?" என்றார் தங்கராசு.

இரண்டு பக்கமும் ஒரே குற்றச்சாட்டு. தடி வைத்திருந்தவர்கள் தடியை மாற்றிப் பிடித்தார்கள்.

அப்போது சின்னையன் யாரையும் கேட்காமல் படித்துறையில் இறங்கினான். கட்டிய கையாலேயே அல்லி இலைகளை ஒதுக்கினான். அடியில் மீன்கள் மல்லாந்து கிடந்தன. கல்லில் முந்தின நாள் தேய்த்த வைக்கோல் பந்து ஒட்டியிருந்தது. கல்லைச் சுற்றித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம்.

"இந்தக் கல்லுலதான் அலசினேன்" என்றான். யாரிடமும் சொல்லாமல், குளத்திடம் சொல்வதுபோல. "ஒரு தகரத்துல அடியில கொஞ்சம் மண்டி இருந்துச்சு. பழசுதானே, வீரியம் போயிருக்கும்னு நெனச்சேன். தண்ணியில விட்டதும் வெள்ளையாப் பொங்குச்சு. பொங்கலும் அதுவுமா பால் பொங்குது பாருன்னு சொன்னேன்."

அவன் அங்கேயே, இடுப்பளவு தண்ணீரில், அழ ஆரம்பித்தான். "அஞ்சல குடிச்சிட்டாளா மச்சான்?"

தங்கராசு கரையில் நின்றபடியே, "மொதல்ல தண்ணியை விட்டு ஏறு மாப்ள" என்றார்.

அந்த ஒரு சொல்லில் தெற்குத் தெருக் கூட்டம் தளர்ந்ததை நான் உணர்ந்தேன். அவரே போய்க் கட்டை அவிழ்த்தார். பிறகு சபாபதியைப் பார்த்தார்.

"மிஷின் உங்களது. கழுவினது எங்க ஆளு. பொட்டு வெச்சது எல்லாரும். இனிமே கொளத்துல கழுவக் கூடாது."

"கொளத்துல கழுவாம பின்ன எங்கடா கழுவறது?" என்றார் சபாபதி.

அவர் அதட்டலாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டு முடித்ததும் அவருக்கே அது உண்மையான கேள்வியாகத் தெரிந்திருக்க வேண்டும். கன்றைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

படித்ததில் ஒன்று

பின்னாளில் நூலகம் நூலகமாகத் தேடி, தொழில் பெருகிய நாடுகளைப் பற்றிப் படித்தேன். கடல் தாண்டி ஒரு வளைகுடாவில், ஆலைக் கழிவு கலந்த மீனைத் தின்ற பூனைகள் ஆடி ஆடி விழுந்தன. பிறகு மீனவர்கள் விழுந்தார்கள். வேறொரு தேசத்தில் ஆறே எண்ணெய் மிதந்து எரிந்தது. அங்கெல்லாம் இன்று தண்ணீர் தெளிந்துவிட்டது, மீன் திரும்பிவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

எப்படித் தெளிந்தது என்பதைத்தான் நான் தேடினேன். புத்தி வந்து தெளிந்ததாகத் தெரியவில்லை. பயம் வந்து தெளிந்திருக்கிறது. அதுவும் கடைமடையில் இருப்பவனின் பயம் தலைமடைக்காரனின் வாசலுக்கு வந்த பிறகு. எங்கள் ஊரில் அது ஒரு கன்றுக்குட்டியின் வழியாக வந்தது. அந்தக் கன்று சாகாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

இன்னொன்றும் படித்தேன். அந்த நாடுகள் பல, ஆலையை மூடவில்லை. வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டன. தங்கள் குழியை இன்னொருவர் கொல்லையில் தோண்டிக்கொண்டன. இதைப் படித்தபோது எனக்கு முத்துப்பேட்டைக் காயல் நினைவுக்கு வந்தது. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

குழி

கூலிப் பேச்சு பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. இரண்டு தெருவும் ஒரே கூரையின் கீழ் உட்கார அந்த ஊரில் வேறு இடம் கிடையாது. கூலிக்கு, நெல் உதிர ஆரம்பிக்கும்வரை இழுத்துத்தான் சபாபதி ஒப்புக்கொண்டார். ஆனால் தங்கராசு முதலில் வைத்த கோரிக்கை கூலி அல்ல. "மருந்து மிஷினைக் கழுவத் தனிக் குழி வேணும். கழுவற தண்ணி எந்தக் கொளத்துக்கும் போகக் கூடாது. காலித் தகரத்தை எவனும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது." அதற்கு மட்டும் சபாபதி உடனே தலையாட்டினார்.

புறம்போக்கில் குழி வெட்டினார்கள். அடியில் களிமண் மெத்தி, சுண்ணாம்பு கொட்டினார்கள். சுற்றிலும் பச்சைப் பூவரசங் கழிகளை நட்டு வேலி. வீடுகளில் உப்பு, பருப்பு போட்டு வைத்திருந்த மருந்துத் தகரங்களையெல்லாம் தங்கராசு வீடு வீடாகப் போய்ப் பிடுங்கிவந்து அதில் போட்டார். "நல்ல தகரம் தங்கராசு, மூடி இறுக்கமா இருக்கும்" என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். "உசுரும் இறுக்கமா இருக்கணும்ல, குடு ஆத்தா" என்பார்.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு மிஷின்கள் களத்து வரிசையில் இல்லை. குழியடியிலேயே கழுவி, அங்கேயே ஒரு கற்பூரம் காட்டிவிட்டு வந்தான் சின்னையன். பொட்டு வைக்கவில்லை.

குடித்தவர்கள் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தை மாதத்தில் இரண்டு குளத்துத் தண்ணீரையும் என்ன செய்வது? எஞ்சின் வைத்து இறைத்தார்கள். வடிகாலில் விட்டார்கள். வடிகால் ஓடையில் சேர்ந்து, ஓடை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள், காயலுக்குப் போகிறது. அங்கே வலை வீசுகிறவர்கள் எங்களுக்குக் கடைமடை. அங்கே மீன் செத்ததா என்று எங்கள் ஊரிலிருந்து ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

அந்தக் கோடை முழுக்கப் பீப்பாயில், மாட்டு வண்டியில் தண்ணீர் வந்தது. பிரசவம்வரை, வயிற்றில் குழந்தை அசைவது ஒரு வேளை குறைந்தாலும் அஞ்சலை ஓடிவருவாள். "டீச்சர், காது வெச்சுக் கேளுங்களேன்." எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் காதை வைப்பேன். எனக்குக் கேட்டதெல்லாம் என் நெஞ்சு அடிப்பதுதான். "இருக்கு, நல்லா இருக்கு" என்பேன்.

பங்குனியில் பிறந்தது. தாய்மாமன் தங்கராசு தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் கை கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னையன் வாசலிலேயே நின்றான். குளித்துவிட்டு வந்தும் உள்ளே வரப் பயந்தான். "கையில வாடை இருக்கு மச்சான்" என்றான்.

பெயர் வைத்தது நான். செல்வமணி.

பதில்

அன்று வயிற்றில் இருந்தவர்தான் இன்று குழி எங்கே என்று கேட்கிறார்.

என் நினைவில் குழி வாய்க்காலின் தென்கரையில் இருக்கிறது. நட்ட கழிகள் துளிர்த்து மரமானதையும் பார்த்திருக்கிறேன். பிற்காலப் புயலில் பூவரசுகள் விழுந்தன என்கிறார்கள். ஆகவே, போர் போடப் பார்த்திருக்கும் இடம் அதுவாகவே இருக்கலாம்.

ஆனால் இன்னொரு நினைவும் இருக்கிறது. பாடம் நடத்திக்கொண்டே ஜன்னல் வழியாக, சின்னையன் அந்தக் கழிகளுக்கு நடுவே குனிந்து மிஷினைக் கழுவுவதைப் பார்க்கிறேன். காலை வெயில் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அப்படியானால் குழி கிழக்கே இருந்திருக்க வேண்டும். பள்ளியின் கிழக்கு ஜன்னலிலிருந்து வாய்க்கால் கரை தெரியாது. அந்தக் கட்டடமும் இப்போது இல்லை. புதுக் கட்டடம் வேறு திசை பார்க்கிறது.

டைரியைப் புரட்டினேன். "குழி வெட்டி முடிந்தது. வெள்ளிக்கிழமை" என்று எழுதியிருக்கிறேன். கிழமை எழுதியவள் இடத்தை எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த இடம்தானே என்று நினைத்திருப்பேன்.

எண்டிரின் இத்தனை ஆண்டில் மண்ணோடு மண்ணாகியிருக்கும் என்று ஒரு புத்தகம் சொல்கிறது. தகரம் எப்போது துருப்பிடித்து வாய் திறக்கிறதோ அன்றுதான் கணக்கு தொடங்குகிறது என்று இன்னொன்று சொல்கிறது.

இரண்டு இடத்திலும் துளை போட வேண்டாம், மண்ணையும் தண்ணீரையும் முதலில் சோதனைக்கு அனுப்புங்கள் என்று செல்வமணிக்குப் பதில் எழுதினேன். தேதி போட்டே எழுதினேன். இதை அச்சுக்கு அனுப்பும்வரை மறுகடிதம் வரவில்லை. அதற்குள் போர் போட்டுவிட்டார்களா என்று தெரியாது. குழி இருந்தது தென்கரையா, பள்ளிக்குக் கிழக்கா என்பது உறுதி செய்யப்படவில்லை.